கைநாட்டும் கையெழுத்தும்: மனம் உடலுக்கு மேலே ஏறிய கதை

சில ஆண்டுகளுக்கு முன் கோலாலம்பூரில் ஒரு வங்கிக்கு என் பாட்டியை அழைத்துச் சென்றிருந்தேன். அவருடைய அடையாள அட்டையான மைகார்டை இயந்திரத்தில் செருகிய முகப்புப் பணியாளர், கட்டைவிரலைக் கண்ணாடிச் சதுரத்தின்மேல் வைக்கச் சொன்னார். இயந்திரம் ஏற்கவில்லை. பாட்டி விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு மீண்டும் வைத்தார். இடக்கைக் கட்டைவிரலையும் வைத்துப் பார்த்தார். அப்போதும் ஏற்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக் கத்தியையும் வாளிப் பிடியையும் பற்றிப் பற்றி அந்த விரல்களில் ரேகை தேய்ந்து போயிருந்தது. பரவாயில்லை, கையெழுத்துப் போடலாம் என்று பணியாளர் மலாயில் தணிவாகச் சொன்னபோது பாட்டி என்னைத் திரும்பிப் பார்த்தார். எழுதத் தெரியாததால் வாழ்நாளெல்லாம் கைநாட்டு வைத்தவர் அவர். உழைத்த உழைப்பில் அந்தக் கைநாட்டும் அழிந்துவிட்டிருந்தது.

கைநாட்டு என்பது தொடக்கத்தில் ஒரு செயலின் பெயர். நாளடைவில் அது ஆளின் பெயராகி, பிறகு வசையாகவே ஆகிவிட்டது. ஒருவரைக் கைநாட்டு என்று சொன்னால் அவருக்கு எழுதத் தெரியாது என்பதோடு நிற்பதில்லை, யோசிக்கத் தெரியாது என்பதும் அதில் சேர்ந்துகொள்கிறது. விரலைக் கொடுப்பவர் வெறும் உடல், பெயரை எழுதுபவர் மனம் உடையவர் என்ற ஒரு கணக்கு அதற்குள் ஓடுகிறது. கையெழுத்துக்கும் கைதான் வேண்டும் என்பது அப்போது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

இந்தக் கணக்கைத்தான் இங்கே எளிமையாக விளக்க விரும்புகிறேன். மனம் ஒன்று, உடல் வேறொன்று. மனம் ஆள வேண்டும், உடல் அடங்க வேண்டும் என்னும் எண்ணம் நமக்கு மூச்சுவிடுவதைப்போல் பழகிவிட்டது. அது எல்லாக் காலத்திலும் எல்லா மக்களும் ஒரே மாதிரி உணர்ந்த உண்மையா, அல்லது சமூகம் மனிதர்களை மேல் கீழ் என்று அடுக்கிய முறையும், பேச்சை எழுத்தாக்கிய பழக்கமும் சேர்ந்து நமக்குள் பதித்த ஒன்றா என்பது மானிடவியலாளர்களும் உளவியலாளர்களும் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி. இரண்டாவது விடையில் உண்மை அதிகம் என்பது என் எண்ணம். ஆயினும் எழுத்தின் பங்கைவிட அடுக்கின் பங்கே பெரிது என்றும் கருதுகிறேன். அதற்கான காரணங்களைப் போகப்போகச் சொல்கிறேன்.

முதலில் நம் சொற்களையே பார்ப்போம். முதன்மையானவர் தலைவர்; அச்சொல் தலையிலிருந்து வந்தது. அவருக்குக் கட்டுப்பட்டவர் அடிமை. அது அடியிலிருந்து, அதாவது பாதத்திலிருந்து வந்தது. சமூகத்தை ஓர் ஆள் உயரத்துக்கு நிறுத்தி, யார் எந்த உறுப்பு என்று பிரித்துக் கொடுத்திருக்கிறோம். இன்னொரு பக்கம், இதே மொழியில் உடலுக்கு மெய் என்றொரு பெயர் உண்டு. உண்மைக்கும் அதுவே பெயர், க் ங் ச் என வரும் 18 எழுத்துகளுக்கும் அதுவே பெயர். 12 உயிர் எழுத்துகள் அந்த மெய்களோடு கூடி 216 உயிர்மெய்கள் ஆகின்றன. அ என்னும் உயிர் சேர்ந்தால்தான் மெய் இயங்கும் என்கிறது தொல்காப்பியம். எழுத்தைப் பற்றிப் பேச வந்த இலக்கணம் உயிரையும் உடலையும் ஆண்டான் அடிமையாகக் காட்டாமல், கூடினால் ஒலிக்கும் இணையாகக் காட்டியிருப்பது எனக்கு எப்போதும் வியப்பான செய்தி.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. உள்ளத்தில் எழுவதை உடலில் தோன்றுவதன் பெயராலேயே மெய்ப்பாடு என்று அழைத்து, நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டாக அது வகுக்கிறது. ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கும் என்பதற்கு நான்கு நான்கு நிலைக்களன்களையும் தருகிறது. அச்சம் பிறக்கும் நான்கு இடங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பவை. இறை என்றால் ஆள்பவர். பேயையும் புலியையும் திருடனையும் கண்டு நடுங்குவதோடு, தனக்கு மேலிருப்பவரைக் கண்டு நடுங்குவதையும் ஒரே வரிசையில் வைத்தவர் அடுக்கு உடலுக்குள் எப்படி இறங்குகிறது என்பதை நன்றாகக் கவனித்திருக்க வேண்டும். பெருமிதம் பிறக்கும் இடங்களில் முதலாவதாகச் சொல்லப்படுவது கல்வி. மேலிருப்பவர் முன் குறுகுவதும் கற்றதனால் நிமிர்வதும், ஆக இந்தக் கட்டுரையின் இரண்டு பொருள்களும், அங்கே உடலின் நிலைகளாகவே பதிவாகியிருக்கின்றன.

அந்தத் 'தம் இறை' நம் ஊரில் எப்படி இருந்தார் என்பதற்கு 1941ஆம் ஆண்டு சாட்சி. மலாயாவின் சிலாங்கூரில், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களைத் திரட்டியவர் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர்.எச்.நாதன், அந்த மே மாதத்தில் கைதாகிப் பின்னர் நாடு கடத்தப்பட்டார். அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வு இருந்தது, மருத்துவ வசதி இருந்தது, கள்ளுக்கடைகளை மூடச் சொல்வது இருந்தது. பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பதும் இருந்தது. அவற்றோடு, துரையோ மேல்நிலை ஊழியரோ எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக இருந்தது. வயிற்றுப் பிரச்சினையின் நடுவே இது சிறு விஷயம்போல் தோன்றலாம். ஆனால் நாள்தோறும் காலை இறக்கி, முதுகை வளைத்து நின்ற ஒருவருக்கு, தான் யார் என்பதை அந்தக் காலும் முதுகுமே சொல்லிக் கொடுத்துவிடுகின்றன. யாரும் வாய்திறந்து நீ தாழ்ந்தவன் என்று சொல்ல வேண்டியதில்லை. நடப்பது, நிற்பது, நீந்துவதுகூட ஒவ்வொரு சமூகமும் தன் உறுப்பினருக்குப் பயிற்றுவிக்கும் நுட்பங்களே என்று பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1934இல் ஓர் உரையில் விளக்கினார். கைகட்டி நிற்பதும் அப்படிப் பயின்ற நுட்பம்தான்.

இப்போது மனம் எங்கே வருகிறது என்று பார்ப்போம். தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. எழுத்தரான கிராணி, வருகைப் பதிவேடான செக்ரோலைத் திறந்து பெயர் பெயராகக் கூப்பிடுவார். ஆட்கள் தங்கள் மரவரிசையான நிரைக்குப் போவார்கள். வெயில் ஏறினால் மரத்தின் உள்ளழுத்தம் குறைந்து பால் ஓட்டம் தளர்ந்துவிடும் என்பதால் இருட்டிலேயே வெட்டத் தொடங்க வேண்டும். வெட்டு இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழாகச் சரிய வேண்டும். அப்போதுதான் பட்டைக்குள் சற்றே சாய்ந்து ஏறும் பாற்குழல்கள் அதிகமாக அறுபடும். ஒரு தடவைக்குச் சீவி எடுப்பது ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை. மேலோட்டமாகச் சீவினால் பால் வராது, ஏனெனில் பால் நிறைந்திருப்பது உள்பட்டையில். கொஞ்சம் ஆழம் போனால் மரத்தின் வளர்திசு காயப்பட்டு, அந்த இடம் முண்டு முண்டாகப் புடைத்து, பிறகு அங்கே வெட்டவே முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் இம்மியளவைப் பாட்டியின் மணிக்கட்டு அறிந்திருந்தது. எப்படித் தெரியும் என்று நான் கேட்டபோது, கத்தி போகும் சத்தம் மாறும் என்றார். அதற்குமேல் அவரால் விளக்க முடியவில்லை, செய்து காட்டத்தான் முடிந்தது.

பால் ஸ்டோருக்கு வந்ததும் அந்த அறிவு முழுவதும் செக்ரோலில் ஒரு பெயராகவும் சில ராத்தலாகவும் சுருங்கிவிடும். மணிக்கட்டு கேட்ட சத்தத்தை எழுத அதில் கட்டம் இல்லை. எழுதப்படுவது மட்டுமே அலுவலகத்துக்குப் போகிறது, அலுவலகம் அறிந்தது மட்டுமே அறிவாகக் கணக்கில் வருகிறது, எனவே அறிவு அலுவலகத்தில் இருக்கிறது, தோட்டத்தில் இருப்பது உடல் பலம் என்ற முடிவு எளிதாகப் பிறந்துவிடுகிறது. யோசிக்கும் வேலையைத் தொழிற்கூடத்திலிருந்து எடுத்துத் திட்டமிடுவோரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதை 1911இல் அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெட்ரிக் டெய்லர் ஒரு மேலாண்மைக் கொள்கையாகவே பரப்பினார். மலாயாத் தோட்டங்களில் அதை அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டிய தேவை யாருக்கும் இருந்திருக்காது.

மனம் உடலை ஆள்வது இயற்கை என்ற தத்துவமும் இந்த அடுக்கு என்னும் மண்ணில்தான் வேர் விட்டது என்று சொன்னால் சிலர் மறுப்பார்கள். அரிஸ்டாட்டில் தம் அரசியல் நூலில் என்ன செய்கிறார் என்று பாருங்கள். ஆன்மா உடலை ஆள்வது, எசமானன் அடிமையை ஆள்வதைப் போன்றது என்கிறார். உவமை எந்தத் திசையில் ஓடுகிறது என்பதுதான் முக்கியம். அடிமைகள் வயலிலும் வீட்டிலும் வேலை செய்ய, குடிமக்கள் பேசவும் எழுதவும் நேரம் பெற்ற ஒரு நகரில், ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் ஓர் எசமானனும் ஓர் அடிமையும் இருப்பதாகத் தோன்றியிருக்கிறது. பிறகு அதே படத்தைத் திருப்பிக் காட்டி, சிலர் பிறவியிலேயே உடலாகவும் சிலர் மனமாகவும் அமைந்தவர்கள் என்று அடிமைமுறைக்கு நியாயமும் சொல்லியாயிற்று.

சரி, எழுத்து இதில் என்ன செய்கிறது? பேச்சை உடலிலிருந்து பிரிக்க முடியாது. குரல், மூச்சு, முகம், எதிரே இருப்பவரின் தலையசைப்பு எல்லாம் அதில் கலந்தே இருக்கும். எழுத்து வந்தபிறகுதான் சொல்லியவர் இல்லாமலேயே சொல் நிற்கிறது. உடல் இல்லாமல் கருத்து மட்டும் தனியே உலவ முடியும் என்னும் எண்ணத்துக்கு இதைவிடக் கண்ணால் காணத்தக்க உதாரணம் வேண்டியதில்லை. ஆனால் இது ஒரே நாளில் நடக்கவில்லை. நம் ஓலைச் சுவடிகளில் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளி இராது, சொல்லுக்குச் சொல் இடைவெளி இராது. வாய்விட்டுப் படித்துத்தான் எங்கே பிரிப்பது என்று கண்டுகொள்ள வேண்டும். ஐரோப்பாவிலும் நான்காம் நூற்றாண்டில் அம்புரோஸ் என்னும் ஆயர் உதடு அசையாமல் படித்தது, அதைப் பார்த்த கிறித்தவ இறையியலாளர் அகஸ்டினுக்குக் குறித்து வைக்கத் தக்க செய்தியாக இருந்தது. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக்கொண்டே எழுத்தைக் கூவிச் சொன்னார்கள். விஜயதசமியன்று கோலாலம்பூர்க் கோயில்களிலும் அர்ச்சகர் குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைப்பதை இன்றும் காணலாம். அடுத்த ஆண்டே அந்தக் குழந்தை அசையாமல் உட்கார், சத்தம் போடாதே, மனத்துக்குள் படி என்று கேட்கத் தொடங்கிவிடுகிறது. உடல் பள்ளிக்கூடத்தில் ஓர் இடைஞ்சலாக அறிமுகமாவது அப்போதுதான்.

எழுத்து உடலை மாற்றுகிறது என்பதற்கு மூளையிலேயே தடயம் உண்டு. பிரெஞ்சு நரம்பறிவியலாளர் ஸ்டானிஸ்லாஸ் டெஹேனும் உடன் பணியாற்றியோரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், போர்ச்சுகலிலும் பிரேசிலிலும் 63 பெரியவர்களை ஒப்பிட்டார்கள். அவர்களில் எழுத்தறியாதவர்களும், வளர்ந்தபின் எழுத்துக் கற்றவர்களும், சிறுவயதிலேயே கற்றவர்களும் இருந்தனர். வாசிக்கக் கற்றவர்களின் மூளையில் இடப்புறப் பார்வைப் பகுதியின் ஓரிடம் எழுத்துக்குச் சிறப்பாக எதிர்வினை செய்தது. வளர்ந்தபின் கற்றவர்களிடமும் அந்த மாற்றம் காணப்பட்டது. மனத்தின் வேலை என்று நாம் ஒதுக்கி வைக்கும் வாசிப்பு, இப்படிச் சதையில் தடம் பதித்துத்தான் நடக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. எழுத்தறிந்தவர் சிந்திப்பார், அறியாதவர் சிந்திக்கமாட்டார் என்று இதை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. 1931, 1932ஆம் ஆண்டுகளில் சோவியத் உளவியலாளர் அலெக்சாந்தர் லூரியா உஸ்பெகிஸ்தான் சிற்றூர்களுக்குச் சென்று இப்படிப்பட்ட புதிர்களைக் கேட்டார்: பனி நிறைந்த தூர வடக்கில் கரடிகள் எல்லாம் வெள்ளை, இன்ன இடம் தூர வடக்கில் இருக்கிறது, அங்குள்ள கரடி என்ன நிறம்? எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிகள் பலர், நான் அங்கே போனதில்லை, போய்ப் பார்த்தவரைக் கேளுங்கள் என்றனர். இது தர்க்கக் குறைவு என்று பலர் எழுதினார்கள். எனக்கு அது நேர்மையான சாட்சியின் பதிலாகவே படுகிறது. பார்க்காததைச் சொல்ல மாட்டேன் என்பவரைத் தேர்வில் தோற்கடிக்கலாம், வழக்குமன்றத்தில் அவர்தான் நமக்கு வேண்டும்.

சிக்கலை அவிழ்த்தவர்கள் அமெரிக்க உளவியலாளர்கள் சில்வியா ஸ்கிரிப்னரும் மைக்கேல் கோலும். லைபீரியாவில் வாய் (Vai) என்னும் மக்கள் தமக்கென ஓர் எழுத்து முறையை வைத்திருக்கிறார்கள். அதைப் பள்ளிக்குப் போகாமலே ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்கிறார்கள். பள்ளியில்லாத எழுத்தறிவு என்ன செய்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. 1981இல் அவர்கள் வெளியிட்ட முடிவு இதுதான்: இத்தகைய புதிர்களை விடுவிக்கும் பழக்கம் பெரிதும் பள்ளிப் படிப்போடு சேர்ந்து வந்தது, எழுத்து மட்டும் தெரிவதால் வரவில்லை. எழுத்து சில குறிப்பிட்ட திறன்களைத் தந்தது, அவ்வளவே. பள்ளி என்பது எழுத்தோடு கூடவே வரிசையும் மதிப்பெண்ணும் மேடையும் பிரம்பும் உள்ள இடம். மலாயாவில் 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னபோது, பல இடங்களில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியாராக வந்து நின்றார். பெரட்டில் பெயர் கூப்பிட்ட அதே வாய் அரிச்சுவடியும் சொல்லிக் கொடுத்தது. பிள்ளைகள் அங்கே எழுத்தைக் கற்றார்களா, அடுக்கைக் கற்றார்களா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

நான் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்தபோது குறள் ஒப்புவிக்கும் போட்டியில் பரிசு வாங்கினேன். ஒப்புவித்தவற்றில் ஒன்று, கற்றவரே கண்ணுடையவர், கல்லாதவர் முகத்தில் இருப்பவை இரண்டு புண்கள் என்னும் குறள். பாட்டி முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். கல்வியின் அருமையைச் சொல்ல வந்த குறள்தான், மறுக்கவில்லை. ஆனாலும் எழுத்து தெரியாதவரின் ஓர் உறுப்பையே அது பெயர் மாற்றிவிடுகிறது என்பது எனக்கு உறைக்க இருபது ஆண்டுகள் ஆயின.

அடுக்கு உடலை எட்டும் ஆழத்துக்கு அளவெடுத்துக் காட்டியவை லண்டனில் அரசு ஊழியரிடையே நடந்த வைட்ஹால் ஆய்வுகள். 1967இல் தொடங்கிய முதல் ஆய்வில், கோப்பு சுமக்கும் கடைநிலை ஊழியர்கள் இதயநோயால் இறந்த விகிதம், மேல்நிலை அதிகாரிகளின் விகிதத்தைப்போல ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. புகைபிடித்தல், இரத்த அழுத்தம் முதலியவற்றைக் கழித்துப் பார்த்தும் வேறுபாட்டின் பெரும்பகுதி எஞ்சியது. மைக்கேல் மார்மட் தலைமையில் 1985இல் தொடங்கிய இரண்டாவது ஆய்வு, தன் வேலையைத் தானே தீர்மானிக்க முடியாத நிலையை ஒரு முக்கியக் காரணமாகக் காட்டியது. இவர்கள் எல்லாரும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், ஒரே ஊரில் வேலை பார்த்தவர்கள். தாளில் எழுதுபவருக்கும் அந்தத் தாளைச் சுமப்பவருக்கும் இடையே இருந்த படிகளே இதயம்வரை சென்றிருக்கின்றன.

வழிபாட்டிலும் இந்த அடுக்கு உண்டு. தைப்பூசத்துக்குப் பத்துமலை முருகன் கோயிலின் 272 படிகளில் அலகு குத்திக் காவடி எடுத்து ஏறுபவரைப் பார்த்து, நம்மிலேயே படித்தவர்கள் கூச்சப்படுவது புதிதன்று. பெரியார் 1929இல் மலாயாவுக்கு வந்து சென்றபின் வலுப்பெற்ற சீர்திருத்தக் குரல்களும் இதைச் சாடின. அவற்றின் பகுத்தறிவு நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் வேறொரு வகைக் கூச்சம் உண்டு. புத்தகம் வைத்துப் பாராயணம் செய்வது உயர்ந்த பக்தி, உடலால் செய்வது தாழ்ந்த பக்தி என்று முகம் சுளிப்பது அது. அதில் பகுத்தறிவைவிடக் கிராணியின் பார்வையே தெரிகிறது. 48 நாள் விரதமிருந்து, உறுமி கேட்டதும் உடல் சிலிர்க்க நிற்பவரிடம், உங்கள் பக்தி மனத்திலா உடலிலா என்று கேட்டால் கேள்வியே அவருக்குப் புரியாது. மெய்ப்பாடு என்ற சொல்லை ஆக்கியவருக்கும் புரிந்திருக்காது.

கோலாலம்பூரில் எங்கள் செந்தூல் அடுக்ககத்தில் ஒரு தம்பி மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்கிறார். எஸ்.பி.எம். என்னும் பள்ளியிறுதித் தேர்வை முடித்து டிப்ளோமாவும் பெற்றவர், நன்றாக எழுதுவார். எந்தக் காண்டோமினியத்தின் காவலாளி உள்ளே விடுவார், எந்த வளைவில் மழைக்குப்பின் எண்ணெய் மிதக்கும், எந்தக் கடையில் சமையல் தாமதமாகும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. கைத்தொலைபேசியில் உள்ள செயலி பதிந்துகொள்வது நிமிடத்தையும் தூரத்தையும் மட்டும்தான். அதை வைத்து அடுத்த வேலை யாருக்கு என்பதை அதுவே தீர்மானிக்கிறது. சென்ற மாதம் மின்தூக்கியில் பார்த்தபோது முழங்காலில் பட்டை சுற்றியிருந்தார். என்ன தம்பி என்றேன். "ஒன்னுமில்லக்கா, வண்டிய விட்டு எறங்கி ஏறி எறங்கி ஏறி இப்படி ஆயிடுச்சு" என்றார்.